தாம்பரம் சானடோரியம்: ஜன்னலைத் திறக்கச் சொன்னது யார்?

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில், குரோம்பேட்டையை விட்டதும் நிற்கும் இடம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும், சித்த மருத்துவமனைக்கு வருகிறவர்களும் இறங்கும் ஸ்டேஷன். தினமும் உச்சரிக்கிற அந்தப் பெயர், காசநோய்க்காரர்களுக்காகக் கட்டப்பட்ட ஓர் இடத்தின் பெயர் என்பது பலருக்கு நினைவில் இருக்காது.

1928இல் டாக்டர் சௌரி முத்து, ஊருக்கு வெளியே சுமார் 250 ஏக்கரில், 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர் அவர். 1917இல் காசநோய் என்று கருதப்பட்டு கணித மேதை ராமானுஜன் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். தாம்பரம் சானடோரியம் 1937இல் அரசு வசம் வந்தது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்தக் காலத்தில் டி.பி.க்கு மருந்து கிடையாது. கட்டடமே மருந்து. நகரத்தின் புகையிலிருந்து விலகிய இடம், பெரிய ஜன்னல்கள், வெயில், நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. யாரும் அவற்றைத் தனித்தனியாகச் சோதித்ததில்லை. நோயாளி பிழைத்தால் காற்றுக்குப் பெருமை. பிழைக்காவிட்டால் 'லேட்டாக வந்துவிட்டார்'.

மருந்துகள் வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோனியாசிட் என்று வரிசையாக வந்தன. ஆனால் மாத்திரை சாப்பிடவும் சானடோரியத்தில்தான் சேர வேண்டும் என்றார்கள். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில்; படுக்கைகளோ மிகக் குறைவு. சம்பாதிக்கிற அப்பா, கைக்குழந்தையை விட்டுவிட்டு அம்மா என ஒரு வருடம் வீட்டைப் பிரிந்து போக வேண்டும். இடம் கிடைக்காதவருக்கு அதுவும் இல்லை.

அப்போதுதான் சென்னையில் அந்தச் சோதனை நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையத்தைத் தொடங்கின. பொறுப்பேற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், 12 மாதங்கள்.

குலுக்கல் ஏன்? டாக்டர் தேர்ந்தெடுத்தால் மோசமான நிலையில் இருப்பவரைச் சானடோரியத்துக்கு அனுப்பத்தான் மனசு வரும். பிறகு ஒப்பிட்டுப் பயனில்லை. இன்னொரு சந்தேகமும் இருந்தது: வீட்டில் இருப்பவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவாரா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளிகளுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும். ஆனால் முடிவை நம்ப முடிவதே அதனால்தான்.

1959இல் முடிவு வெளியானது. ஒரு வருடச் சிகிச்சையின் முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 100க்கு 92 பேர், வீட்டில் 86 பேர். கிட்டத்தட்ட சமம். வீட்டு நோயாளிகள் இடுக்கான வீடுகளில் இருந்தார்கள், சுமாரான சாப்பாடு சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் குணமானார்கள். அடுத்து வந்ததுதான் பெரிய ஆச்சரியம். வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தினருக்கு நோய் அதிகம் தொற்றவில்லை. தொற்றியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே.

காசநோய்க்காரரை வீட்டிலிருந்து பிரிக்கும் வழக்கத்தை உலகம் கைவிட்டதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்!

அப்படியானால் அந்தப் பெரிய ஜன்னல்களெல்லாம் வீணா? 2007இல் பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து ஒரு பதில் வந்தது. 8 மருத்துவமனைகளில் அறைக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று அளந்தார்கள். உயரமான கூரையும் அகல ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் 40 முறை. ஜன்னல் வைத்த புதிய கட்டடங்களில் 17 முறை. அதாவது, நோயாளியைக் குணப்படுத்த ஜன்னல் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அவர் நோய் போகாமல் இருக்கத் தேவை. காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஜன்னலைச் சரியாக வைத்திருக்கிறார்கள் பழைய ஆட்கள். மருத்துவமனைகளில் காற்றுவழித் தொற்றைத் தடுக்க 2010இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும் காற்றோட்டத்துக்கு முக்கிய இடம் கொடுத்தது.

சாப்பாட்டுக்கும் இதே கதைதான். 1956 ஆய்வு, 'சத்தான உணவு வேண்டாம்' என்று சொல்லவில்லை. சரியான மருந்து இருந்தால் சுமாரான சாப்பாட்டிலும் குணமாகலாம் என்றது, அவ்வளவுதான். குடும்பத்தினருக்கு நோய் வராமல் தடுக்கச் சாப்பாடு உதவுமா என்பது வேறு கேள்வி. அதை ஜார்க்கண்டில் கேட்டார்கள். நோயாளியோடு சேர்த்துக் குடும்பத்தினருக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்த வீடுகளில், புதிதாக நோய் வருவது சுமார் 39 சதவிகிதம் குறைந்தது. 2023இல் வெளியான இந்த ஆய்வில் சென்னை நிறுவனமும் பங்கேற்றது.

இப்போது தாம்பரம், பல்லாவரம் பக்கம் சின்ன கிளினிக்குகளை ஒரு சுற்றுப் பாருங்கள். ஏ.சி. போட்ட காத்திருப்பு அறை, கண்ணாடிக் கதவு, திறக்கவே முடியாத ஜன்னல், இருபது நாற்காலி. சிகிச்சை தொடங்கிய டி.பி. நோயாளியைவிட, மூன்று வாரமாக இருமிக்கொண்டு, தனக்கு என்ன என்றே தெரியாமல் அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் மற்றவர்களுக்கு ஆபத்து. அவரை முதலில் கூப்பிட்டு அனுப்பிவிடலாம். முகக்கவசம் கொடுக்கலாம். வராண்டா இருந்தால் நாற்காலியை அங்கே போடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்; மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்தால் பின்கட்டு அறையில் தனியாக அடைத்து வைக்க வேண்டாம். மாத்திரையைத் தவறவிடாமல் கொடுங்கள். மறக்காமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசுவுக்கு வலை அடித்துக்கொள்ளலாம்.