ஆகஸ்ட் 26: திறக்காத கதவு

வானொலி நிகழ்ச்சிக்காகத் தினமும் பழைய தேதிகளைப் புரட்டுகிறேன். இவ்வாரம் என்னைக் கட்டிப்போட்டது ஆகஸ்ட் 26.

1972: மியூனிக் ஒலிம்பிக் தொடங்கிய நாள். நம் எம். சந்திரன் தலைமையில் சென்ற மலேசியக் காற்பந்துக் குழு அங்கே அமெரிக்காவை 3-0 என வீழ்த்தியது.

1983: பினாங்கில் நிக்கோல் டேவிட் பிறந்த நாள். ஸ்குவாஷில் எட்டு உலகப் பட்டங்கள், தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் நிலை. ஒலிம்பிக் தங்கத்துக்காக அந்தப் பட்டங்களையே தரத் தயார் என்றார். ஆனால், 2019இல் ஓய்வு பெறும்வரை ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் சேர்க்கப்படவே இல்லை.

2028 லாஸ் ஏஞ்சலஸில்தான் அந்தக் கதவு திறக்கிறது. 2022 சாலை விபத்தில் படுகாயமடைந்தும், 2024இல் லண்டனில் பட்டம் வென்ற கெடாவின் சிவசங்கரி போன்றோருக்கு இப்போது வாய்ப்பு.

பெற்றோரே, ஸ்குவாஷ் மட்டையைக் கேட்கும் பிள்ளை இனி ஒலிம்பிக் கனவும் காணலாம்!