எண்ணெய்ப் புகையின் விலை: ஒரு மிக்சர் கொட்டிலிலிருந்து சில கணக்குகள்

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் ஒழுங்கையில், பதினொரு பெண்கள் சேர்ந்து மிக்சர் கொட்டில் ஒன்றை நடத்துகிறார்கள். இரண்டு பெரிய தாச்சிகள், இரண்டு விறகடுப்புகள், மேலே தகரக்கூரை. காலை ஏழு மணிக்கு மூட்டும் அடுப்பு பின்னேரம் மூன்று மணிக்குத்தான் அணையும். இந்தப் பெண்களில் எட்டுப் பேர் 2009 இல் கணவனை இழந்தவர்கள், அல்லது இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர்கள். கடந்த மார்கழியில் பிரதேச சபையிலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் புகையைக் கட்டுப்படுத்தாவிட்டால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று அதில் இருந்தது.

முறைப்பாடு கொடுத்தவர் பக்கத்து வளவுக்காரர். அவரைப் பொறாமைக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் அவருடைய நெஞ்சுக்குள் இன்னும் செல் துண்டு இருக்கிறது. ஒரு பக்கச் சுவாசப்பை சரியாக விரிவதில்லை. "இரவில எழும்பி இருந்துதான் மூச்சு விடுறன் தம்பி. அவையின்ர பிழைப்பைக் கெடுக்கோணும் எண்டு எனக்கு ஆசையில்லை" என்றார். வேலியின் இரண்டு பக்கமும் நம்முடைய சனம்தான்.

நான் பொறியியலாளன் அல்லன். போருக்குப் பிறகு சில வருடங்கள் கட்டாரில் ஹோட்டல் சமையலறைகளுக்குக் காற்றுக் குழாய் பொருத்தும் வேலை செய்தவன். அந்த அனுபவத்தைக் கேள்விப்பட்டு, கையில் இருந்த இரண்டு விலைமனுக்களையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். ஒன்று 4 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. மற்றது 18 இலட்சத்து 60 ஆயிரம். "ஒரே புகைக்கு ஏன் தம்பி இரண்டு விலை?" என்று கேட்டார் குழுவின் தலைவி அக்கா.

அது ஒரே வேலைக்கான விலை அல்ல. முதலாவது மனுவில் இருந்தது ஒரு தகரக் கூண்டும் சுவரில் பூட்டும் எக்சோஸ்ட் ஃபானும் மட்டும். அது புகையைச் சுத்திகரிக்காது. கொட்டிலுக்குள் இருப்பதை வேலிக்கு அப்பால் தள்ளும். நமது ஊர்களில் 'புகை அகற்றும் சிஸ்ரம்' என்று விற்கப்படுபவற்றில் பல இந்த வகைதான். இரண்டாவது மனுவில் உண்மையான வடிகட்டி இருந்தது. ஆனால் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாக.

இந்தத் தொழிலில் விலையைத் தீர்மானிப்பது புகையின் அளவல்ல, அதனோடு சேர்த்து இழுக்கப்படும் காற்றின் அளவு. கூண்டின் அளவு, குழாயின் விட்டம், ஃபான், வடிகட்டி எல்லாமே மணிக்கு எத்தனை கன மீற்றர் காற்று என்பதை வைத்துத்தான் விலை பெறுகின்றன. இரண்டாவது மனுவில் கூண்டு ஆளுயரத்துக்கு மேலே, நாலு பக்கமும் திறந்தபடி தொங்குகிறது. நீளம் 3 மீற்றர், அகலம் ஒன்றரை மீற்றர். பரப்பு 4.5 சதுர மீற்றர். புகை தப்பாமல் உள்ளே போக, செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் காற்று இழுபடவேண்டும் என்று வைத்தால், மணிக்கு 8,100 கன மீற்றர். அதே அடுப்புகளுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் தகரம் அடித்து மறைத்து, முன்னால் 70 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மட்டும் திறப்பு விட்டால், இழுக்கவேண்டிய வாய் 2.1 சதுர மீற்றராகிறது. காற்று 3,780 கன மீற்றராக இறங்குகிறது. பாதிக்கும் குறைவு. இதற்கான செலவு ஒரு வெல்டிங் கடைக்காரரின் இரண்டு நாள் கூலியும் சில தகடுகளும்.

மின்சாரக் கட்டணத்திலும் இதே கதைதான். குழாயும் வடிகட்டியும் தரும் தடை 600 பஸ்கால், ஃபானின் வினைத்திறன் 55 வீதம் என்று எடுத்துக்கொண்டால், பெரிய அமைப்புக்கு ஏறத்தாழ 2.45 கிலோவாற் வேண்டும். சிறியதற்கு 1.15. நாளுக்கு எட்டு மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் 490 அலகுக்குப் பதில் 230 அலகு. ஐந்து வருடத்தில் 15,600 அலகு வித்தியாசம். விலைமனுவில் இந்தக் கணக்கு ஒருபோதும் இருக்காது. மெசின் விற்பவர் உங்கள் கரண்ட் பில் கட்டப்போவதில்லை.

ஆனால் அந்தக் கொட்டிலில் நான் முதலில் சொன்னது மெசினைப் பற்றியல்ல, விறகைப் பற்றி. விறகுப் புகையையும் எண்ணெய்ப் புகையையும் ஒரே கூண்டுக்குள் விட்டால் கரியும் தீப்பொறியும் எண்ணெய் படிந்த குழாய்க்குள் போகும். குழாய் தீப்பிடிப்பது பெரிய ஹோட்டல்களிலேயே நடக்கிற விபத்து. ஆகவே அடுப்பைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து மூடிக் கட்டி, அதற்குத் தனிப் புகைபோக்கி வைத்துக் கூரைக்கு மேலே உயர்த்தவேண்டும். பிறகு கூண்டுக்குள் வருவது தாச்சியிலிருந்து எழும் எண்ணெய்ப் புகை மட்டும்தான்.

அதையும் குறைக்கலாம். பொரிக்கத் தேவையான சூடு 170 முதல் 190 பாகை வரை. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 175 பாகையிலேயே புகையத் தொடங்கும், சுத்திகரித்த பாம் எண்ணெய் 230 பாகையை ஒட்டி. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் எதுவானாலும் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். கொட்டிலில் வெப்பமானி இல்லை. மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துத்தான் பொரிக்கிறார்கள். ஒரு வெப்பமானியும், கறுத்த எண்ணெயை நேரத்துக்கு மாற்றும் ஒழுங்கும் இந்தக் கணக்கிலேயே மிக மலிவான வரிகள். (எண்ணெய் மாற்றுவது மலிவா என்று ஒரு அக்கா சண்டைக்கு வந்தார். அவர் கேட்டதும் நியாயம்தான்.)

மிஞ்சும் புகைக்கு எந்த வடிகட்டி? கூண்டில் பூட்டும் வளைந்த உலோகத் தகட்டு வடிகட்டி பெரிய துளிகளைப் பிடிக்கும். கண்ணுக்கு நீலமாகத் தெரியும் நுண்புகை அதற்குள்ளால் போய்விடும். துணிப்பை வடிகட்டி எண்ணெயில் அடைத்துக்கொள்ளும். கரி வடிகட்டி மணத்தை எடுக்கும், ஆனால் முன்னால் எண்ணெயைப் பிடிக்காவிட்டால் சில நாட்களில் வீண். நுண்புகைக்குப் பொருத்தமானது, வியாபாரிகள் இ.எஸ்.பி என்று சொல்லும் நிலைமின் வடிகட்டி. பல ஆயிரம் வோல்ற் அழுத்தத்தில் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகடுகளில் ஒட்டவைக்கும். இது இறக்குமதிப் பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 வரை போனது. பிறகு இறங்கினாலும் 300 ஐ ஒட்டித்தான் நின்றது. பழைய விலையை நினைவில் வைத்துக்கொண்டு எவரும் மதிப்பீடு செய்யமுடியாது.

வாங்கிய பிறகு அந்தத் தகடுகளைக் கழுவவேண்டும். மிக்சர் போன்ற கனமான பொரியலுக்கு ஒன்றிரண்டு கிழமைக்கு ஒரு முறை. கழுவாத இ.எஸ்.பி சத்தம் போடும் பெட்டி மட்டும்தான். மன்னிக்கவேண்டும், இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது. காற்றில் இருந்து பிடித்த எண்ணெய் எங்கும் மறைந்துவிடுவதில்லை. கழுவிய நீரில் இருக்கிறது. அந்த நீரை வளவுக்குள் ஊற்றினால் அது போகுமிடம் கிணறு.

இதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாம் பார்த்தோம். பௌசர் தண்ணீருக்கு வாளிகளோடு வரிசையில் நின்றோம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒருவருக்கு ஆகக்கூடியது 40 ஆயிரம் ரூபா. ஒரு கிணற்றின் விலை அதுவா என்று அப்போது பலர் கேட்டார்கள். தொடக்கத்தில் கணக்கில் சேர்க்காத செலவு, பிறகு அடுத்த வளவுக்காரரின் தலையில் விழுந்தது. ஆகவே என் மதிப்பீட்டில் எண்ணெய் தடுப்புத் தொட்டி ஒன்றும் சேர்ந்தது. கழுவும் நீர் அதில் தேங்கி, மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளி எடுத்த பிறகுதான் வெளியே போகவேண்டும்.

எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கு 11 இலட்சத்தை ஒட்டி வந்தது. 18 இலட்சத்து 60 ஆயிரத்தைவிடக் குறைவு என்று சொல்லலாம். பதினொரு பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு இலட்சம் என்றும் சொல்லலாம். தலைவி அக்கா இரண்டாவது மாதிரித்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இந்தக் கொட்டில் வாழ்வாதாரத் திட்டம் ஒன்றின் கீழ் தொடங்கப்பட்டது. திட்ட முன்மொழிவின் பிரதியைப் பார்த்தேன். தாச்சி, தராசு, பொதி செய்யும் மெசின், பயிற்சிப் பட்டறை, தேநீர்ச் செலவு, பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் வரி இருந்தது. புகைபோக்கிக்கு வரி இல்லை. அந்தப் பெயர்ப்பலகையில் நன்கொடையாளரின் இலச்சினையை இப்போது வாசிக்கமுடியாது, புகையில் கறுத்துவிட்டது. பலகையைத் துடைக்கலாம். எட்டு மணித்தியாலம் தாச்சிக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் சுவாசப்பையை எப்படித் துடைப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையையும், வீட்டுக்குள் விறகு எரிப்பதால் வரும் புகையையும் அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. இந்தப் பெண்கள் இரண்டையும் ஒன்றாகச் சுவாசிக்கிறார்கள். முறைப்பாடு அயலவரிடமிருந்து வந்ததால் எல்லோரும் வேலிக்கு அப்பால் போகும் புகையைப் பற்றியே பேசினோம்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு உணவு உற்பத்திதான் பொருத்தமான தொழில் என்று பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறார்கள். அப்படியானால் தாச்சி கொடுக்கும்போதே புகைக்கும் பணம் ஒதுக்கவேண்டும். உரிமம் வழங்கும் சபையும், கடைசி நேரத்தில் மூன்று மாதத் தவணை கொடுப்பதைவிட, கொட்டில் கட்டும்போதே எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை பக்கம் மூடி என்று சொல்லிக்கொடுக்கலாம். தகரம் அடிக்க முன்னர் சொன்னால் சில ஆயிரம் ரூபா. பிறகு சொன்னால் இலட்சங்கள். தனித்தனியாக எல்லோரும் வாங்கவும் வேண்டியதில்லை. இதே ஊரில் வாழைக்காய்ச் சீவல் பொரிக்கும் இன்னொரு குழு இருக்கிறது. ஒரு குழு காலையும் மற்றது பின்னேரமும் ஒரே கூண்டின் கீழ் பொரித்தால், கழுவும் வேலை கூடும், ஆனால் வாங்கும் செலவு இரண்டாகப் பிரியும். இரண்டு குழுக்களும் சில வருடங்களாகப் பேசுவதில்லை என்பது நான் பிறகுதான் அறிந்த விடயம்.

பெப்ரவரி கடைசியில் மறுபடியும் போனேன். விறகடுப்பை மூடிக் கட்டி, தனிப் புகைபோக்கி எழுப்பியிருந்தார்கள். மூன்று பக்கமும் தகரம் அடித்தாகிவிட்டது. வெப்பமானி ஒன்று ஆணியில் தொங்கியது. பக்கத்து வளவுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் பரவாயில்லை, இரவில இன்னும் மணக்குது" என்றாராம். பிரதேச சபை இன்னும் ஆறு மாதத் தவணை கொடுத்திருக்கிறது. வடிகட்டிக்கான விண்ணப்பம் இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறது. ஒரு இடத்திலிருந்து பதில் வந்திருந்தது. இந்த ஆண்டு உபகரணங்களுக்கு நிதி இல்லையாம், பயிற்சிப் பட்டறை வேண்டுமானால் நடத்தலாமாம்.