வைரஸுக்குக் காவல் நிற்கும் பாக்டீரியா

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் போன்ற கிராமங்களில் குடிநீர்ப் பரிசோதனை என்றால், சிறு குப்பியில் தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்துக் கறுக்கிறதா என்று பார்ப்பார்கள். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும், கறுக்காவிட்டால் குடிக்கலாம் என்பார்கள். மலிவான, உருப்படியான சோதனைதான். ஆனால் அது பாக்டீரியாவை மட்டுமே காட்டும். வைரஸைப் பற்றி அந்தக் குப்பி வாய் திறக்காது.

இதனால் என்ன ஆகும் என்பதை 1955 டிசம்பரில் டெல்லி கண்டது. நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை, யமுனையில் குடிநீர் எடுக்கும் வசீராபாத் பக்கம் புரண்டது. குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் கூடவில்லை. ஆனால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கர்ப்பிணிகளிடையே இறப்பு அதிகம். பாக்டீரியா செத்தது, வைரஸ் பிழைத்தது. அது ஹெபடைடிஸ்-இ என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

குடல் வைரஸ்கள் சொந்த வலுவால்தான் தாக்குப்பிடிக்கின்றன என்று எங்கள் நீர் நுண்ணுயிரியல் துறையில் நெடுங்காலம் நினைத்தோம். அமெரிக்காவின் ஜூலி ஃபைஃபர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பை அசைத்தது. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்தபோது போலியோ வைரஸின் வீரியமும் குறைந்தது. பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் வைரஸோடு ஒட்டிக்கொண்டு அதை வெப்பத்திலிருந்து காக்கின்றன. செல்லில் போய்ப் பற்றவும் உதவுகின்றன. பிளீச்சிங் கரைசலையும் தாங்கவைக்கின்றன என்று அதே குழு 2014இல் காட்டியது. சாக்கடையில் வைரஸ் தனியாக மிதப்பதில்லை, கூட்டாளிகளோடு மிதக்கிறது.

எதிரிகளும் அங்கேயே உண்டு. டெட்ராஹைமினா போன்ற ஒருசெல் உயிரிகள் இரை தேடும்போது வைரஸையும் விழுங்கிவிடுகின்றன. சில பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதிகள் வைரஸின் புரத உறையை அறுத்தெறிகின்றன. எல்லா வைரஸும் இதற்கு மசிவதில்லை. இந்த அழிப்பு வேலைக்கு வேண்டியது வெப்பமும் நாளும். வெப்பத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் குறைவில்லை. நாள்தான் கிடைப்பதில்லை.

இரட்டைக் குழிக் கழிப்பறை அந்த நாளைக் கொடுக்கிறது. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துகிறோம். மூடிய குழி ஓராண்டு, ஈராண்டு கிடக்கிறது. அதற்குள் நுண்ணுயிர்கள் வைரஸின் கணக்கை முடித்துவிடுகின்றன. நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்திலும் கிணற்றின் பக்கத்திலும் இது ஆகாது. மற்ற இடங்களில் இதைவிடச் செலவு குறைந்த சுத்திகரிப்பு எனக்குத் தெரியாது. நம்மவர்களுக்கோ பெரிய செப்டிக் டேங்க்தான் கௌரவம். உறிஞ்சுகுழி வைக்காமல் வழிவதைத் தெருக் கால்வாயில் விடுகிறோம். நிறைந்தால் லாரி வரும். நேற்றைய கழிவையும் பழைய கழிவையும் ஒன்றாக உறிஞ்சும். அது ஏரிக்கரையில் கொட்டப்பட்டால் நேற்றைய கழிவின் வைரஸ் உயிரோடு தண்ணீருக்குப் போகும்.

தமிழ்நாட்டின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017இல் அமைந்தது. பேரூராட்சிக்குக் கிடைத்த அந்த வசதியைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் திறப்பதே அரசு உடனே செய்யத்தக்கது. லாரிக்காரரை மட்டும் விரட்டிப் பயனில்லை. கொட்ட இடம் காட்டாமல் அபராதம் போட்டால் இருட்டில் கொட்டுவார்.

அதுவரை ஊராட்சி செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் போதும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம். வைரஸிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் 0.5 இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இந்த மழைக்காலத்தில் உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம், குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் 0.5 காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

- கட்டுரையாளர், நீர் நுண்ணுயிரியல் ஆய்வாளர்