பழிகரப்பும் பாமரரும்

சமூக ஊடகங்களில் உலவும் அங்கதத்தை மெய்ச்செய்தியென நம்பி ஏமாறுவோர் யாவர் என வினவின், கற்றோர் உடனே பாமரரைச் சுட்டுவர். மாத்தளைத் தோட்டங்களில் கைத்தொலைபேசி வைத்திருப்போர்மீது இப்பழி எளிதில் விழுகிறது. இக்கூற்று ஏற்புடையதன்று.

2012 இல் 'த ஆனியன்' என்னும் அமெரிக்க அங்கத ஏடு, வடகொரியத் தலைவர் கிம் ஜொங் உன்னை உலகின் மிகக் கவர்ச்சியான ஆடவர் என அறிவித்தது. அதனை மெய்யென நம்பி 55 படங்களுடன் இணையத்தில் வெளியிட்டது சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'மக்கள் நாளிதழ்'. ஏமாந்தோர் கொழுந்து பறிப்போரோ பால் வெட்டுவோரோ அல்லர். பத்திரிகைத் தொழிலையே பிழைப்பாகக் கொண்டோர்.

செம்பொருள் அங்கதத்தினின்றும் பழிகரப்பு அங்கதத்தை வேறுபிரித்தார் தொல்காப்பியர். புறநானூற்றின் 95 ஆம் பாடலில் தொண்டைமானின் படைக்கலங்கள் மெருகு குலையாது மின்னுவதை ஔவையார் முதலிற் கூறுகின்றார். அதியமானின் வேல்களோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடப்பதைப் பின்னர் கூறுகின்றார். முற்பாதியை மாத்திரம் வெட்டியெடுத்துப் பரப்பினால் தொண்டைமானுக்கு அது வாழ்த்துப்பாவே. இன்று நடப்பதும் இவ்வெட்டுதலே. அங்கத ஏட்டின் பெயர் படத்தின் ஓரத்திலிருந்து கத்தரிக்கப்படுகிறது, எஞ்சியது செய்தியாகிறது. கத்தரிப்பவர் பாமரர் அல்லர். தாம் செய்வதை நன்கறிந்தவர்.

ஈழத்தில் இதன் விளைவு நகைப்புக்குரியதன்று. 2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகமொன்றில், நெருக்குதலுக்குள்ளான ஒருவர் தடுமாறிக் கூறிய விடையை ஒளிப்பதிவாக்கி, கறியிற் கருத்தடை மாத்திரை கலந்ததற்கான ஒப்புதலெனப் பரப்பினர். பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. கிடைத்தது மாவுக்கட்டி என்றது அரச பகுப்பாய்வு. அப்பகைமை தணியுமுன்னரே, மார்ச் மாதத்தில், மாத்தளைக்கு அயலான கண்டி மாவட்டத்தில் வேறொரு நிகழ்வை முன்னிட்டு வீடுகள் எரிந்தன. 1983 யூலையில் முத்துமாரியம்மன் கோயில் தாக்கப்பட்டதை மறவாத மாத்தளைத் தமிழருக்கு, பொய்ச்செய்தியின் வலிமையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. (கற்பிக்க முன்வருவோர் பெரும்பாலும் அத்தீயைக் காணாதவர்.)

அரசோ அங்கதத்தைக் குற்றமென வாசிக்கிறது. 2023 மே மாதம், மேடை நகைச்சுவைக்காக நடாஷா எதிரிசூரிய கைதானார். 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்க்கூற்றைத் தீர்மானிக்க ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. ஔவையாரின் பாடல் அவ்வைவர் முன் சென்றால், முழுவதையும் வாசிப்பரோ, முற்பாதியோடு நிற்பரோ?