போலீஸுக்கும் வக்கீல் வேணும்

லாக்கப் மரணச் செய்தி வரும்போதெல்லாம் டைம்லைன்ல ஒரு வரி தவறாம வருது: "இந்தப் போலீஸ்காரங்களுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது." கோபம் புரியுது. ஆனா இந்த விஷயத்துல நான் எதிர்க்கட்சி. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

இது புதுக் கோரிக்கை இல்லை. கோயம்புத்தூர்ல வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் தகராறாகி, போலீஸ்காரங்க மேல வழக்கு வந்துச்சு. எங்க உறுப்பினர் யாரும் அவங்களுக்காக வாதாட மாட்டாங்கன்னு கோவை வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டுச்சு. விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2010 டிசம்பர்ல நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு (ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு) இந்த மாதிரித் தீர்மானம் எதுவுமே செல்லாது, அரசியல் சாசனத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. ஆள் எவ்வளவு மோசமானவனா இருந்தாலும் அவனுக்காகப் பேச ஒருத்தர் வேணும்ங்கறதுதான் சாராம்சம்.

டாக்டருக்கு இது புரியறது கஷ்டமில்லை. ஆள் யாருன்னு பாத்தா தையல் போடறோம்?

"வக்கீல் வெச்சா தப்பிச்சிடுவாங்களே"ன்னு கேப்பீங்க. வாச்சாத்தியைப் பாருங்க. 1992 ஜூன் 20ல நடந்த கொடுமை. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு 269 பேர் குற்றவாளிக் கூண்டுல. அத்தனை பேருக்கும் வக்கீல் இருந்தாங்க. 54 பேர் தீர்ப்புக்கு முன்னாடியே செத்துட்டாங்க. மிச்ச 215 பேருக்கும் 2011ல தர்மபுரி கோர்ட் தண்டனை கொடுத்துச்சு. அப்பீல் போனாங்க. 2023 செப்டம்பர்ல ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. 31 வருஷம் ரொம்ப அநியாயமான தாமதம், அது தனி த்ரெட். ஆனா "எங்களைப் பேசவே விடலை"ன்னு அந்த 215 பேர்ல ஒருத்தர் கூட இன்னைக்குச் சொல்ல முடியாது. தீர்ப்பு நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்னு. 'போலீஸ்'னு ஒரே ஆள் கிடையாது. 2025 ஜூன்ல திருப்புவனத்துல கோயில் காவலாளி அஜித்குமார் செத்தப்ப உடம்புல 44 காயம். கைதானது தனிப்படையில இருந்த அஞ்சு பேர். மேல இருந்து வந்த உத்தரவைத்தான் செஞ்சாங்கன்னு அவங்க வீட்டுக்காரங்க சொன்னாங்க. உத்தரவு அடிச்சதுக்கு மன்னிப்பு ஆகாது. ஆனா யார் சொன்னது, எப்ப சொன்னது, எழுத்துல இருக்கான்னு கோர்ட்ல தோண்டிக் கேக்கறதுக்கு அந்தக் கான்ஸ்டபிளுக்குன்னு தனியா ஒரு வக்கீல் வேணும். இல்லைன்னா கேஸ் கீழயே முடிஞ்சு போகும். அப்படி முடிஞ்சா நல்லதுன்னு நினைக்கறவங்க மேலதான் இருப்பாங்க.

சாத்தான்குளம் வழக்குல அஞ்சு வருஷம் கழிச்சு, 2025 ஜூலையில, இன்ஸ்பெக்டரே அப்ரூவரா மாறறேன்னு மனு போட்டார். சி.பி.ஐ. எதிர்த்துச்சு, தள்ளுபடி ஆச்சு. ஒரே கேஸ்ல நிக்கற இன்ஸ்பெக்டருக்கும் ஏட்டுக்கும் நலன் வேற வேற. எல்லாருக்கும் சேர்த்து ஒரே வக்கீலை மேலதிகாரி ஏற்பாடு பண்ணிக் கொடுத்தா, ஏட்டய்யா, உஷாரா இருங்க.

துறை விசாரணையில நிலைமை இன்னும் மோசம். எங்களுக்கு 17பி மாதிரி அவங்களுக்கு 3பி. வக்கீல் வெச்சுக்கறது அங்க பொதுவா உரிமை கிடையாது. நிர்வாகம் சார்பா சட்டம் தெரிஞ்ச ஆள் ஆஜரானா ஊழியருக்கும் வக்கீல் கொடுக்கணும்னு 1982லயே பம்பாய் துறைமுக வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்ப போலீஸ் நண்பர்களுக்கு.

2020 ஜூன் 19 ராத்திரி, ஜெயராஜும் பென்னிக்ஸும் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு உள்ள. அவங்களைத் தேடி வந்த வக்கீல்கள் வெளிய. நாலு நாளைக்குள்ள ரெண்டு பேரும் செத்தாங்க. அதே ஸ்டேஷன்காரங்க கைதான பிறகு ஜாமீன் மனு மேல மனு போட்டாங்க. போடட்டும், அது உரிமை. அந்த உரிமைதான் அன்னைக்குக் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு இருந்துச்சு. விசாரணை நடக்கும்போது தனக்குப் பிடிச்ச வக்கீலைச் சந்திக்கலாம்னு 1996ல டி.கே. பாசு தீர்ப்பே சொன்னது. இப்ப பி.என்.எஸ்.எஸ். 38வது பிரிவு (பழைய சி.ஆர்.பி.சி. 41டி). முழு நேரமும் கூட உக்கார முடியாது, ஆனா பாக்க விடணும்.

ஆலங்காயத்துல ரிமாண்டுக்கு முன்னாடி ஃபிட்னஸுக்குக் கூட்டிட்டு வர்றவங்கள்ல ஜவ்வாது மலைக்காரங்களும் உண்டு. "வக்கீல் யாருப்பா?"ன்னு கேட்டா, "எனக்கு யாரு சார் வக்கீல்?"னு சிரிப்பாங்க.

சக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சாத்தான்குளத்துல ஃபிட்னு எழுதிக் கொடுத்ததும் அரசு டாக்டர்தான். போலீஸை வெளிய நிக்கச் சொல்லுங்க. சட்டையைக் கழட்டிப் பாருங்க. காயம் எங்க, எவ்வளவு நீளம், என்ன நிறம், எப்படி வந்துச்சுன்னு அவர் சொல்றதை அவர் வார்த்தையிலயே எழுதி நேரம் போடுங்க. வக்கீல் இல்லாதவனுக்கு அந்தத் தாள்தான் வக்கீல். காயமே இல்லைன்னா அதையும் தெளிவா எழுதுங்க. நாளைக்குப் பொய்ப் புகார் வந்தா அந்த ஏட்டைக் காப்பாத்தப் போறது அதே தாள்தான்.

காவல்ல இருக்கற யாருக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்பணிகள் சட்டம் 12வது பிரிவு. கைதான போலீஸ்காரருக்கும் சேர்த்துத்தான். உதவி எண் 15100. எங்க கேஷுவாலிட்டி சுவத்துல பெரிசா எழுதி ஒட்டியிருக்கோம். ஸ்டேஷன் சுவத்துக்கும் ஒண்ணு வேணும்னா வாங்கிட்டுப் போங்க ஏட்டய்யா, நாலஞ்சு காப்பி எடுத்து வெச்சிருக்கேன்.