வீடு பார்க்க மே மாதமே சரி

பள்ளி திறப்பதற்குள் குடியேற வேண்டும், ஆடி பிறப்பதற்குள் பத்திரம் பதிய வேண்டும் என்று சென்னையில் அடுக்குமாடி வீடு தேடுவோர் கோடையில் பறக்கிறார்கள். அந்த அவசரத்தில், கோடை மட்டுமே காட்டித்தரும் உண்மைகள் கண்ணில் படாமல் போகின்றன.

அவற்றில் முதலாவது தண்ணீர். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகள் பலவும் லாரியை நம்பியே நாள்களைக் கழித்தன.

அடுத்தது வெப்பம். வீட்டைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்க்க வேண்டும். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், இரவில் படுக்கையறை எப்படிக் கொதிக்கும் என்று தெரிந்துவிடும்.

வில்லங்கச் சான்று கேட்பவர்கள், குடியிருப்போர் சங்கத்தின் ஏப்ரல், மே மாத லாரித் தண்ணீர்க் கணக்கையும் கேட்கட்டும். விற்பவர் அதைத் தாமாகவே எடுத்துக் காட்டுவதுதான் நியாயம். வாங்குபவர் இருபது ஆண்டு தவணை கட்டப்போகிறவர்.