சோம்பல் அன்று, சோகை!

"சோம்பேறி" என்னும் வசைச்சொல் நம் வட சென்னைத் தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கக் கேட்கிறோம். காசிமேட்டில் பனிக்கட்டி நிறைந்த மீன்பெட்டியைத் தூக்கமாட்டாமல் மூச்சிரைத்து நிற்கும் பையனைப் பார்த்து வியாபாரி சொல்கிறார். திருவொற்றியூர்ப் பட்டறையில் வேலைக்கிடையே உட்கார்ந்துவிடும் இளைஞனைப் பார்த்து மேஸ்திரி சொல்கிறார். வகுப்பின் கடைசி வரிசையில் கண்ணயரும் மாணவனைப் பார்த்து ஆசிரியர்களாகிய நாமும் சொல்கிறோம். ஆனால் அப்பையனின் கீழிமையைச் சற்றே தாழ்த்தி, உட்புறம் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இதே களைப்பு ஒரு பெண்பிள்ளையிடம் தோன்றினால், "பிள்ளைக்கு இரத்தம் போதவில்லை" என்று தாய் கவலை கொள்கிறாள். ஆண்பிள்ளையிடம் தோன்றினால் அது குணக்கேடு ஆகிவிடுகிறது. பெண்ணுக்கு நோய், ஆணுக்குக் குற்றம். இந்தப் பார்வை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இரத்தசோகை பெண்களை வாட்டும் நோய் என்னும் எண்ணம் பிழையன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினர்க்குச் சோகை உண்டு எனக் காட்டிற்று. அவர்களது துன்பமே பெரிது. ஆயினும் அதே கணக்கெடுப்பு, அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினர்க்கும் அந்நோய் உண்டு என்றது. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது ஆண்களிடையே இது 18 விழுக்காடாக இருந்தது. வயது வரம்பும் இரத்தம் எடுக்கும் முறையும் வேறுபட, எண்ணும் வேறுபடுகிறது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், 50 பேர் அமர்ந்த வகுப்பில் 9 பேர் சோகையர் என்றாகிறது. இவர்களை நாம் கண்டதுண்டா?

வளரிளம் பருவத்தில் ஆண்பிள்ளையின் தசை பெருகுகிறது. இரத்தத்தின் அளவும் கூடுகிறது. உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்து வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும். 13 முதல் 15 வயதுப் பையனுக்கோ 22 மில்லிகிராமும், 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 26 மில்லிகிராமும் தேவை. தந்தையை விட மகனுக்கு மிகுதியாக வேண்டும் என்பது இதன் பொருள். தட்டில் விழும் மீன்துண்டு இந்தக் கணக்கை அறியுமா?

இரும்பு மட்டுமே காரணம் என்றும் கருதலாகாது. மேற்சொன்ன 2016-18 ஆய்வில், வளரிளம் பருவத்தினருள் 22 விழுக்காட்டினர்க்கு இரும்புச்சத்தும், 31 விழுக்காட்டினர்க்கு வைட்டமின் பி12-உம், 37 விழுக்காட்டினர்க்கு ஃபோலிக் சத்தும் குறைந்திருந்தன. வயிறு நிறைந்தும் உடல் பசித்திருப்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. விடியுமுன் துறைமுகத்துக்கு ஓடும் பையன் தேநீரும் பன்னும் உண்கிறான். இரவில் பரோட்டா உண்கிறான். பசி தீர்கிறது, சத்து சேர்வதில்லை. உணவோடு பருகும் தேநீர், உள்ள இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. நெத்தியில் இறங்கும் வியர்வைக்கு நடுவே, நெத்திலியும் மத்தியும் குவியும் துறையில் நிற்பவனின் நிலை இது!

சென்னைத் துறைமுகம் பல்லாண்டுகள் இரும்புத் தாதைக் கப்பலேற்றி அனுப்பியது. 2011இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி அப்பணி அங்கு நின்றது. மலைமலையாக இரும்பு கடந்து சென்ற மண் இது. மனித உடலுக்கு வேண்டிய மொத்த இரும்போ நான்கு கிராமுக்கு மேல் இல்லை. அந்தச் சிறிதளவு நம் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை என்றால் அது யார் குற்றம்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது நியாயமாகாது. வாரம் ஒரு முறை இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை வழங்கும் திட்டம் உண்டு. 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா பாரதம் திட்டமும் அதனைத் தொடர்ந்தது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் இருபாலர்க்கும் அம்மாத்திரை உண்டு. பள்ளி செல்லாத பெண்ணுக்கு அங்கன்வாடி வழியாக உண்டு. பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற ஆண்பிள்ளைக்கு மட்டும் அத்திட்டத்தில் இடமில்லை. உடலுழைப்பு மிகுந்தவனும், உணவு குறைந்தவனும், எவர் கண்ணிலும் படாதவனும் அவனே. இராயபுரத்திலும் எண்ணூரிலும் அவனைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவன் நம் பக்கத்துத் தெருவில் இருக்கிறான்.

வழிகாட்டி நமக்குப் புதிதன்று. பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரி எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தச் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வழங்கப்பட்டது. படிக்காத பிள்ளையைப் பழிப்பதற்கு முன் அவன் வயிற்றைப் பார்த்த காலம் அது. 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் அவ்வழியே நடந்தனர். பள்ளி வாயிலுக்கு வந்த பிள்ளைக்கு அவ்வழி உணவு தந்தது. வாயிலுக்கு வாராத பிள்ளைக்குச் சமுதாயமே வாயிலைத் திறக்க வேண்டும்.

சமுதாயப் பெரியோர்களே! முதற்கடமை, அப்பிள்ளையை மீண்டும் படிக்க அனுப்புவது. அது கைகூடும் வரை, பள்ளிவாசல் ஜமாஅத்தும் மீனவர் பஞ்சாயத்தும் பட்டறை உரிமையாளரும் ஒன்று செய்யலாம். ஆண்டுக்கு இருமுறை, அருகிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவனை அழைத்துச் சென்று ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் செய்யலாம். 12 முதல் 14 வயதில் அது 12 கிராமுக்கும், 15 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடற்புழு உண்டா என்பதையும் மருத்துவர் பார்க்கட்டும். காரணம் அறியாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது தீங்கு. பிறவியிலேயே வரும் தலசீமியா போன்ற நோய்களும் சோகையாகத் தோன்றக்கூடும். ஜும்ஆ நாளின் அறிவிப்பில் இதற்கென இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். பள்ளி செல்லாத ஆண்பிள்ளையையும் திட்டத்தில் சேர்க்குமாறு அரசிடம் ஒரு மனுவும் கொடுக்கலாம்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறீர்கள், நன்று. அடுத்த முகாமில் உங்கள் வயதொத்த உழைக்கும் பையன்களைச் சந்தியுங்கள். முருங்கைக்கீரையும் ஈரலும் சிறுமீனும் விலையேறிய உணவுகளல்ல என்பதையும், கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றால் இரும்பு நன்கு சேரும் என்பதையும், தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம் என்பதையும் நட்போடு சொல்லுங்கள்.

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் "அல் ஹதீத்", அதாவது "இரும்பு" என்னும் பெயர் பெற்றது. இரும்பில் மனிதர்க்குப் பயன் உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது. அப்பயன் நம் பிள்ளைகளின் குருதியிலும் சேரட்டும். அடுத்த முறை களைத்து நிற்கும் ஒரு பையனைக் காணும்போது, "சோம்பேறி" என்னும் சொல் நாவில் எழுமுன், "காலையில் என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று கேட்போமாக.